கடவுச்சீட்டுக்கு விரல் வைக்க வந்தவர்கள்

விரல் பிடிக்கிற வேலைக்கு முதல் தகுதி சந்தேகம். இரண்டாவது தகுதி கைக்குப் பூசுகிற கிறீம் ஒரு போத்தலும் துடைக்கக் கொஞ்சம் ரிசுப் பேப்பரும்.

யாழ்ப்பாணத்தின் தீவுப் பக்கத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தவர்களின் கைரேகையை எடுப்பது என் வேலை. படத்தை ஸ்ரூடியோக்காரரே நேரே கொழும்புக்கு அனுப்பிவிடுவார். விண்ணப்பம் கணினி வழியாகப் போய்விடும். விரலை மட்டும் அனுப்ப வழியில்லாதபடியால் அது ஆளோடு என்னிடம் வரும். கண்ணாடித் தட்டில் விரலை வைத்தால் கீழே வெளிச்சம் வரும், திரையில் ரேகை எழும்பும், அவ்வளவுதான். கேட்கச் சுகமான வேலை. ஆனால் அரச அலுவலகக் கவுண்டரின் எந்தப் பக்கத்திலாவது ஒரு காலைப் பொழுதைக் கழித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வருகிறவர் என்னைச் சந்தேகிப்பார், நான் அவரைச் சந்தேகிப்பேன், வாசலில் நம்பர் துண்டு கொடுக்கிற பற்குணம் அண்ணை எங்கள் இரண்டு பேரையும் சந்தேகிப்பார்.

படமும் விரலும்

வேலணையில் பனங்கட்டி காய்ச்சி விற்கிற அக்கா ஒருவர், சுவிஸில் இருக்கிற மகனிடம் போவதற்காக வந்திருந்தார். கதிரையில் இருந்தவுடன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "படம் எடுத்தாச்சு, அடையாள அட்டை காட்டியாச்சு, பிறப்புச் சான்றிதழும் தந்தாச்சு. விரல் எதுக்கு?" என்று கேட்டார். நான் பொறுமையாக விளக்கினேன். ரேகை ஓடிக்கொண்டே போய் ஓரிடத்தில் முடியும், இன்னோரிடத்தில் இரண்டாகப் பிரியும். அந்த இடங்களை மெசின் குறித்து எண்களாக்கி வைத்துக்கொள்ளும். நாளைக்கு வேறொருத்தி உங்கள் பேரைச் சொல்லிக் கடவுச்சீட்டுப் புத்தகம் எடுக்க வந்தால், அவளுடைய விரலே அவளைக் காட்டிக்கொடுக்கும் என்றேன். எல்லாம் உங்கடை பாதுகாப்புக்குத்தான் அக்கா என்றும் சேர்த்துச் சொன்னேன்.

ஒரே மூச்சில் 'காட்டிக்கொடுக்கும்' என்றும் 'பாதுகாப்பு' என்றும் சொல்லிவிட்டு, எங்கள் பக்கத்தில் ஒருவர் அதை நம்புவார் என்று எதிர்பார்த்த என் புத்தியை என்ன சொல்ல! அக்கா கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். ஆனால் தட்டில் வைக்க முதல் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "முந்தி ஆமிக்காரர் வீட்டு வாசலிலை குடும்பமா நிக்கவைச்சுப் படம் எடுத்தவங்கள், இப்ப நீங்கள் தனித்தனியா விரலை எடுக்கிறியள். இனி எங்களிட்டை எடுக்க என்ன பிள்ளை மிச்சம் இருக்கு?"

தன்னைப் பார்க்கப் போகவேண்டியவர்

புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து வந்த தவராசா ஐயாவை நான் கவனித்ததே, அவர் தன்னுடைய முறையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்ததால்தான். அரச அலுவலகத்தில் முறையை விட்டுக்கொடுக்கிற மனிதரை எப்படிச் சந்தேகப்படாமல் இருப்பது? சனம் எல்லாம் போனபிறகு வந்து இருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், நெற்றியில் ஒரு பழைய தழும்பு. விரலைத் தட்டில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்; திரையில் ரேகை கலங்கிக் கலங்கி வந்தது. "இந்த மெசின் பழைய விசயங்களும் சொல்லுமோ பிள்ளை?" என்று கேட்டார். பழைய விசயம் என்றதும் நான் நிமிர்ந்து இருந்தேன்.

அவரே சொன்னார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் தெற்கே குடும்பக் கடை எரிந்து, அண்ணனும் தம்பியுமாக ஊருக்கு ஓடி வந்த காலம் அது. மூத்தவர் நவராசாவை ஆமி ஒருமுறை பிடித்துவைத்து, பிறகு விட்டிருந்தது. அந்தப் பேரோடு அவர் எங்கேயும் அசைய முடியாது. இளையவர் தவராசாவிடம் வெளிநாட்டுக்கென்று எடுத்த கடவுச்சீட்டு ஒன்று சும்மா கிடந்தது. ஏஜென்சிக்காரன் அதில் தம்பியின் படத்தைக் கழற்றி அண்ணனின் படத்தை ஒட்டிக் கொடுத்தான். 'தலை மாத்திறது' என்று அதற்குப் பேர். அந்த நாளில் எங்கள் தீவுகளில் தலை மாற்றாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நவராசா தவராசாவாகக் கனடாவுக்குப் போனார். தவராசாவாகவே குடியுரிமை எடுத்தார், கலியாணம் கட்டினார், பிள்ளைகளைப் பெற்றார். உண்மையான தவராசா மடத்துவெளியில் புகையிலை நட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

இப்போது அண்ணனுக்குப் புற்றுநோய். டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள். கண் மூட முதல் ஒருக்கால் நேரில் பார்க்கவேண்டும், அதற்குத்தான் இந்தப் புத்தகம். என்னுடைய மெசினில் விரலுக்குத்தான் இடமுண்டு, கதைக்கு இடமில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "எழுத்திலை பாத்தா நான் எப்பவோ கனடாவிலை இருக்கிறன் பிள்ளை. என்னைப் பாக்கத்தான் நான் போகவேணும்."

அனலைதீவு விரல்

அனலைதீவிலிருந்து காலைப் படகில் வந்த மனிதரின் விரலில் ரேகையே இல்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், எதை வைத்தாலும் திரையில் வழுவழுவென்று ஒரு வெள்ளைப் பொட்டு. பற்குணம் அண்ணை என் காதுக்குக் கிட்ட வந்து, "கவனம், உது எரிச்ச விரல்" என்று குசுகுசுத்தார். அவர் சொன்னதிலும் விசயம் இருந்தது. ஐரோப்பாவில் ஒரு நாட்டில் விரல் பதிந்தவர்கள், இன்னொரு நாட்டில் அகதித் தஞ்சம் கேட்கும்போது பிடிபடாமல் இருக்க நுனி விரலைச் சுட்டுக்கொண்ட கதைகள் எங்களுக்குத் தெரியும். நான் குரலைக் கடுமையாக்கி, "கைக்கு என்ன பூசினனீங்கள்?" என்று கேட்டேன்.

அந்த மனிதர் கோபிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து மேசையில் வைத்தார். நண்டு வலையின் நைலோன் நூல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கிடந்தது. உப்பு ஊறி, தோல் தேய்ந்து மினுங்கியது. கிறீமைப் பூசி, துடைத்து, கொஞ்சம் பொறுத்து வைத்தால் தேய்ந்த ரேகையும் சில வேளை எழும்பும். அப்படித்தான் அவருடைய இடது கை விரல்கள் மெல்ல மெல்லத் திரையில் வந்தன. பின்னேரப் படகைப் பிடிக்க எழும்பும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "கடல் அழிச்சுப்போட்டுது மிஸ், நான் அழிக்கேல்லை."

வெள்ளித்தாளில் சுற்றிய புத்தகம்

ஜேர்மனியிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர், தங்கச்சிக்கு விரல் வைக்கத் துணையாக வந்தார். தங்கச்சியின் அலுவல் முடிய, தன்னுடைய புத்தகத்தையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லி நீட்டினார். கொத்துரொட்டி கட்டுகிற வெள்ளித்தாளில் அதைச் சுற்றியிருந்தார். உள்ளே சிப் இருக்கிறதாம். பஸ்சில் பக்கத்தில் நிற்கிறவன் போனைக் கிட்டப் பிடித்தால் பேர், பிறந்த திகதி, முகம் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிடுவானாம். தீவுக்கு வருகிற பண்ணைப் பாலம் கடக்கும் மட்டும் அதைக் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.

எங்கள் நாட்டுப் புத்தகத்துக்குள் சிப் வரப்போகிறது, வரப்போகிறது என்று கதை வந்த நாளிலிருந்து இதைப் பற்றி நானும் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். அந்தச் சிப்புக்குப் பற்றறி இல்லை, அது தானாக ஒன்றும் பேசாது என்றேன். புத்தகத்தை விரித்து, படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கிற இரண்டு வரியையும் வாசித்த கருவிக்குத்தான் அது வாய் திறக்கும். மூடிய புத்தகத்திடம் சும்மா கேட்டால் சொல்லாது. உள்ளே உங்கள் முகமும் விபரமும் அந்த நாட்டின் மின்முத்திரையோடு இருக்கிறது. ஒரு எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. விமான நிலையத்தில் கமரா உங்கள் முகத்தைப் பார்த்து, உள்ளே இருக்கிற முகத்தோடு ஒப்பிடும். தாளில் ஒட்டிய படத்தை மாற்றினாலும் சிப்பில் பழைய தலைதான் இருக்கும், அதனால் பழைய காலத்துத் தலைமாற்று வேலையெல்லாம் இனிச் சரிவராது என்றேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறுபடியும் வெள்ளித்தாளில் சுற்றினார். தங்கச்சிதான் பொறுக்க மாட்டாமல் சொன்னா: "புத்தகத்தைச் சுத்திப்போட்டாய், வாயை ஆரண்ணை சுத்துறது? வந்திறங்கின நாளிலையிருந்து பிறந்தநாள், வீட்டு இலக்கம், சம்பளம் எல்லாம் நீயே ஊருக்குச் சொல்லிப்போட்டாய்!"

"அது என்ரை கையிலை இல்லை"

சில கிழமை கழித்துத் தவராசா ஐயா மறுபடியும் வந்தார். கொழும்பிலிருந்து கேள்வி வந்திருந்தது: உம்முடைய பேரில் முன்னரே ஒரு கடவுச்சீட்டு கொடுத்திருக்கிறோம், அது எங்கே, வந்து விளக்கம் சொல்லும் என்று. மெசின்தான் அவரை மாட்டிவிட்டது என்று நினைத்து என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கமாட்டேன். மெசின் அல்ல என்று அடித்துச் சொன்னேன். அந்தப் புத்தகம் கையால் எழுதிக் கொடுத்த காலத்துப் புத்தகம், அதற்கு யாரும் விரல் வைக்கவில்லை. இப்போது அவருடைய விரலை எல்லோருடைய விரலோடும் ஒப்பிட்டபோது வேறு எந்தப் பேரிலும் அது அகப்படவில்லை. விரல் சுத்தம், பேர்தான் பழைய கோப்பில் கிடந்தது. உண்மையைச் சொன்னால் அங்கே அண்ணனின் குடியுரிமைக்கும் பிள்ளைகளுக்கும் என்ன வருமோ என்று பயந்தார். பொய் சொன்னால் தன்னுடைய பேரிலேயே தான் கள்ளனாகிவிடுவேன் என்றும் பயந்தார். இதற்கிடையில் அண்ணன் ஆஸ்பத்திரியில், வாயால் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாராம்.

அவர் போனபிறகு, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பற்குணம் அண்ணை வந்தார். "உவர்தான் தவராசா எண்டதுக்கு என்ன சாட்சி? கனடாவிலை இருக்கிறவர் உண்மையான தவராசாவா இருந்து, உவர் நவராசாவா இருந்தால் நீர் என்ன செய்வீர்?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் அதுவும் சரி. நேற்று விரல் வைத்தவரும் இன்று வந்தவரும் ஒரே ஆள் என்று மெசின் சொல்லும். முதல் நாள் வந்து விரல் வைக்கும்போது நாங்கள் சொல்கிற பேரை அது அப்படியே நம்பும். அதற்குப் பிறகுதான் ஒருவரையும் நம்பாது. அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. மடத்துவெளியில் எனக்குச் சொந்தம் இருக்கிறது. அடுத்த நாள் போன் பண்ணி விசாரித்தேன். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் இருந்தார்கள், அது தவராசாதான், நெற்றித் தழும்பு சின்ன வயதில் மாமரத்தால் விழுந்ததில் வந்தது என்று சொன்னார்கள். சந்தேகம் தீர்ந்ததும் எனக்கே அந்த மனிதர் மேல் பாசம் வந்துவிட்டது.

கொழும்புக்குப் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், கிராம அலுவலரான விதானையாரின் கடிதம் எல்லாம் கொண்டு போனார். அங்கே நடந்ததை, புதுப் புத்தகம் கைக்கு வந்தபிறகு எனக்குக் காட்ட வந்தபோது சொன்னார்: "பழைய புத்தகம் எங்கை எண்டு கேட்டினம், 'அது என்ரை கையிலை இல்லை' எண்டனான். பொய்யோ பிள்ளை?"

நயினாதீவு இரட்டையர்

இந்தக் கவலைகளுக்கு நடுவில் ஒரு நாள் பற்குணம் அண்ணை என் கவுண்டருக்கு ஓடியே வந்துவிட்டார். நயினாதீவிலிருந்து வந்து விரல் வைத்துவிட்டுப் போன பிள்ளை, வேறு பேர் சொல்லி மறுபடியும் நம்பர் கேட்கிறாள், ஆள் மாறாட்டம் என்று மூச்சு வாங்கினார். அதே சட்டை, அதே பின்னல், அதே நெற்றிப் பொட்டு. உண்மையைச் சொன்னால் நானும் ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன். அப்போதுதான் வாசலில் முதலாவது பிள்ளை இரண்டு சோடாப் போத்தலோடு உள்ளே வந்தாள்.

முகத்தில் எங்களுக்கு ஒரு வித்தியாசமும் பிடிபடவில்லை. விரலை வைத்தவுடன் மெசினுக்குப் பிடிபட்டது. இரட்டையர் ஆனாலும் வயிற்றுக்குள் இருந்த விதத்துக்கும் அசைந்த விதத்துக்கும் ஏற்றபடி ஒவ்வொரு விரலுக்கும் ரேகை வேறாகத்தான் விழும் என்று அவர்களோடு வந்திருந்த தாய்க்குச் சொன்னேன். அந்த மனுசி திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு விரலையும் கன நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "பெத்த எனக்கு இண்டைக்கும் ஆள் மாறிப் பிழைக்குது. ஒருத்தி செய்யிற குழப்படிக்கு மற்றவள்தான் அடி வாங்கிறாள். உந்த மெசினிலை ஒண்டு வீட்டுக்கு எடுக்கேலாதோ மிஸ்?"

தன் செத்தவீட்டில் தேத்தண்ணி ஊற்றியவர்

தவராசா ஐயாவுக்குப் புத்தகம் வந்தது, ஆனால் விசா வரவில்லை. விசா விண்ணப்பத்தில் சகோதரரின் பேர் என்ன என்று ஒரு கேள்வி. உண்மையான பேரை எழுதினால் அப்படி ஒருவர் கனடாவில் இல்லை. அங்கே இருக்கிற பேரை எழுதினால் தவராசாவின் அண்ணனும் தவராசா. அந்த ஒரு கேள்வியை நிரப்பமுடியாமல் அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது. அண்ணன் போய்விட்டார்.

மரண அறிவித்தல் கனடாவிலிருந்து எல்லாருடைய போனுக்கும் வந்தது. மடத்துவெளியைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட தவராசா காலமானார் என்று இருந்தது. படத்தைச் சரியாகப் பார்க்காமல் பேரை மட்டும் வாசித்த அயல் கிராமத்துச் சனம், தவராசா கனடாவுக்குப் போன இடத்தில் செத்துப்போனார் என்று நினைத்து, அவருடைய மனுசிக்குத் துக்கம் சொல்ல வந்துவிட்டது. வாசற் படலையைத் திறந்துவிட்டவர் தவராசா. கதிரை எடுத்துப் போட்டதும் அவர்தான், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் அவர்தான். வந்த ஒரு கிழவர் தேத்தண்ணியை வாங்காமல், இவர் ஆவியோ ஆளோ என்று தெரியாமல் தள்ளி நின்று பார்த்தாராம். இதை எனக்குச் சொல்லும்போது ஐயா சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுபோனது, பிறகு அழுதார். நானும் கவுண்டர் என்று பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அன்றைக்கு அவர் வந்தது அண்ணனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சொல்ல. வாற ஞாயிறு கீரிமலைத் தீர்த்தக்கரையில் கிரியை, பிறகு வீட்டில் சாப்பாடு, கட்டாயம் வரவேண்டும் என்றார். அங்கே கனடாவில் மகன்மார் எல்லாம் செய்கிறார்களே, இங்கேயும் ஏன் இன்னொருமுறை என்று கேட்டேன். பழக்க தோசம், எனக்கு எதிலும் ஒரு கேள்வி வரும். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டவர் எண்டு அண்ணையின்ரை மூத்தவன் அங்கையிருந்து எனக்குப் போன் எடுத்தவன். பூராடம் எண்டு சொன்னனான். பேரை அவன் என்னட்டைக் கேக்கேல்லை, அப்பாவின்ரை பேர் தவராசா எண்டுதானே அவனுக்குத் தெரியும். கொள்ளி வைக்கப்போற பிள்ளைக்கு, உன்ரை கொப்பரின்ரை பேர் அது இல்லையெண்டு நான் என்னெண்டு சொல்லுறது? அங்கை என்ரை பேரிலை அண்ணையை எரிச்சுப்போட்டினம். இஞ்சை நான் நவராசா எண்டு சொல்லிப் பிண்டம் போடப்போறன். ஒரு இடத்திலையாவது என்ரை அண்ணை தானாச் சாகவேணும் பிள்ளை."

ஒரு விரலுக்கு ஒரு ஆள் என்று எங்கள் மெசினுக்கு நன்றாகப் படிப்பித்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு நாட்டில் இரண்டு பேரில் கிரியை நடந்தால் அதில் எதை நம்புவது என்றுதான் அதற்கும் எனக்கும் இன்னும் ஒருவரும் சொல்லித்தரவில்லை.